சுருளிப்பட்டி பஸ்ஸில் ஒரு ரப்பர் இடுப்பு

பினாங்கு விமான நிலையத்தில் ஊடுகதிர்த் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் என் பெட்டியை மட்டும் பின்னுக்கு இழுத்தார். "இதற்குள் என்ன?" என்று மலாயில் கேட்டார். "ஒரு பெண்ணின் இடுப்பு" என்றேன். அவர் உடனே மேலதிகாரியைக் கூப்பிட்டார். அது ரப்பரில் செய்த மாதிரி, மூத்திரப்பை, யோனி, முதுகெலும்பின் அடிப்பகுதி எல்லாவற்றையும் கழற்றி மாட்டலாம், மருத்துவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க எடுத்துப் போகிறேன் என்று விளக்கினேன். இருவரும் அதை விரல் நுனியால் தூக்கி மறுபடி பெட்டிக்குள் வைத்தார்கள். "இந்தியாவில் நிறையக் கேள்வி கேட்பார்கள்" என்று எச்சரித்தார் மேலதிகாரி. மதுரையில் சுங்க அதிகாரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "டாக்டரா? போங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

பெண்களுக்கு இடுப்புத் தளம் தளர்ந்து உள்ளுறுப்புகள் கீழே இறங்கிவிட்டால், அவற்றைத் தூக்கி நிறுத்தும் அறுவை மருத்துவர் நான். சில ஆண்டுகளாக அதை ரோபோவின் துணையோடு செய்கிறேன். தேனியில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனைக்கு ஒரு கொடையாளர் ரோபோ வாங்கிக் கொடுத்திருந்தார். அதில் சிறப்புப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த இரண்டு மருத்துவர்களுக்கு ஒரு வாரம் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். எங்கள் குடும்பம் மலாயாவுக்குப் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. எந்த ஊரிலிருந்து போனார்கள் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால் வேரைத் தேடும் வேலை எதுவும் எனக்கு இல்லை. சொல்லிக்கொடுக்கப் போனேன்.

அழைத்துப் போக வந்த ஓட்டுநர் பாண்டி, ஆண்டிப்பட்டிக் கணவாய் ஏறும்வரை என்னைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டே வந்தார். கணவாய் இறங்கியதும், "நீங்க ரேடியோவுல சேதி வாசிக்கிற மாதிரியே பேசுறீகம்மா" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, "என் ஃபெலோக்கள் ரெண்டு பேரும் எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டேன். பயிற்சி மருத்துவர்களை எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். பாண்டியின் முகம் வாடிவிட்டது. "வந்து எறங்குனதும் எதுக்கும்மா வையுறீக? ரெண்டும் நல்ல புள்ளைக" என்றார்.

சாயங்காலம் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஊர் ரொட்டி சானாயை ஒரு விரலால் கிழிக்கலாம். தேனிப் பரோட்டாவோடு இரண்டு கையாலும் மல்லுக்கட்டவேண்டும். நான் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்த பரிமாறுபவர், ஒன்றும் கேட்காமல் என் இலையில் கைவிட்டுப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு வாளி சால்னாவைக் கவிழ்த்துவிட்டுப் போனார். சாப்பிட்டதும் இன்னொன்று கேட்டேன்.

திங்கட்கிழமை அறுவை அரங்குக்குள் நுழைந்தேன். ரோபோவின் நான்கு கைகளிலும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தது. கழுத்து என்று ஒன்று இல்லாததால் மாலையைத் திரையில் மாட்டியிருந்தார்கள். நிர்வாக மேலாளர் எலுமிச்சம்பழங்களோடு நின்றிருந்தார். "சக்கரம் இருக்குல்ல மேடம்? ஒரு தடவ முன்னால தள்ளி நசுக்கிட்டா முடிஞ்சுச்சு" என்றார். இது கிருமி நீக்கிய இடம், பழம் நசுக்க முடியாது என்றேன். அவர் வருத்தத்தோடு பழங்களை அரங்கின் வாசலுக்கு வெளியே வைத்தார். அதன் பிறகு உள்ளே வந்த மயக்க மருத்துவரின் செருப்பு அந்தக் கடமையை முடித்துவைத்தது.

என் மாணவர்கள் இருவர். டேவிட் போடிக்காரர், ஏலக்காய் வியாபாரக் குடும்பம். அவருடைய வெள்ளைக் கோட்டிலிருந்து எப்போதும் பாயசத்தின் வாசனை வரும். கை வேகமானவர். சின்ன வயதிலிருந்து வீடியோ விளையாட்டு ஆடி வளர்ந்ததால் ரோபோவின் பிடிகளைத் தொட்டதும் ஏதோ எதிரியைச் சுடுவது போலச் சுழற்றினார். நஸ்ரின் உத்தமபாளையத்துப் பெண். அவள் நேர் எதிர். ஊசியை எங்கே குத்தலாம் என்று யோசித்துக்கொண்டே இருப்பாள். குத்த மாட்டாள். ஒருமுறை அவள் அசையாமல் இருந்ததைப் பார்த்து இயந்திரம் நின்றுவிட்டதென்று தொழில்நுட்பர் ஓடிவந்தார்.

எங்கள் ஊரில் பயிற்சிக்கு ரோபோவின் கைகளால் திராட்சை உரிக்கவைப்போம். அந்தக் கைகளுக்குத் தொடு உணர்வு கிடையாது. நூலை எவ்வளவு இழுக்கிறோம் என்பதைக் கண்ணால் பார்த்தே உணரவேண்டும். திராட்சை வேண்டும் என்று நான் கேட்டது எப்படியோ வெளியே பரவிவிட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை கேட்பது, பினாங்கில் மழை கேட்பது போல. செவ்வாய்க்கிழமை காலை பன்னீர் திராட்சை கூடை கூடையாக வந்து இறங்கியது. ரோபோவை அரங்கிலிருந்து பயிற்சி அறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அந்தத் திராட்சைக்கு ஒரு குணம். லேசாக அமுக்கினாலே சதை தோலை விட்டுத் துள்ளி வெளியே பாய்ந்துவிடும். டேவிட் நசுக்கிய முதல் பழம் கூரை விளக்கில் போய் ஒட்டிக்கொண்டது. மதியத்துக்குள் தரையெல்லாம் சிவப்பு. துடைக்க வந்த பெண் வாசலிலேயே நின்று, "ஆத்தாடி! யாருக்கு என்னாச்சு?" என்று அலறிவிட்டார்.

நஸ்ரின் ஒரே ஒரு பழத்தை எடுத்துக்கொண்டாள். அதையே உரித்துக்கொண்டிருந்தாள். அவள் முடித்தபோது தோல் ஒரே துண்டாக இருந்தது, சதையில் ஒரு கீறல் இல்லை. வியாழக்கிழமை நடக்கவிருந்த முதல் அறுவையில் தையல் இவள் போடட்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். டேவிட் நோயாளியின் பக்கத்தில் நின்று உதவுவார். அவருக்கு முகம் கொஞ்சம் தொங்கிப்போனது. பிறகு பையிலிருந்து ஓர் ஏலக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சரியென்றார்.

நோயாளியின் பெயர் தவமணி. சுருளிப்பட்டியில் கணவரோடு திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார். கர்ப்பப்பையை எப்போதோ எடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு யோனியின் மேல்பகுதி கீழே இறங்கத் தொடங்கி, இப்போது வெளியே தெரியும் அளவுக்கு வந்துவிட்டது. உட்கார முடியாது, பழத்தட்டுத் தூக்க முடியாது, இருமினால் சேலை நனைந்துவிடும். ஒரு வலைப்பட்டையை வைத்து அந்தப் பகுதியை முதுகெலும்பின் அடியிலுள்ள எலும்போடு சேர்த்துத் தைத்துத் தூக்கி நிறுத்துவதுதான் அறுவை. எல்லாவற்றையும் சொல்லி முடித்து, ஏதாவது கேட்கவேண்டுமா என்றேன். அவர் நஸ்ரினைப் பக்கத்தில் இழுத்து, ஆனால் எனக்கும் கேட்கும்படி, "அந்த மிஷினு ஆம்பளையா பொம்பளையா?" என்றார்.

நஸ்ரின் திணறினாள். "ரெண்டும் இல்லக்கா."

"அப்பச் சரி."

புதன்கிழமை காலை அவர் கட்டில் காலியாக இருந்தது. போர்வை மடித்து வைத்திருந்தது. கணவர் மொக்கராசு விடியும் முன் வந்து வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டதாகப் பக்கத்துக் கட்டில் பெண் சொன்னார். "அந்தண்ணே ரொம்பக் கோவமா வந்தாக. யாருகிட்டயும் சொல்லாம கூட்டிட்டுப் போயிட்டாக."

வேறு நோயாளி ஏற்பாடு செய்கிறேன் என்றார் மேலாளர். என் ஒரு வாரம் வீணாகிவிடுமே என்பது அவர் கவலை. நஸ்ரின் தரையைப் பார்த்துக்கொண்டு, "மேடம், அவங்க இப்பப் போனா திரும்ப எந்த ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டாங்க. எனக்குத் தெரியும்" என்றாள். அவள் என்னிடம் தானாகப் பேசிய முதல் வாக்கியம் அது. ரப்பர் இடுப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு இருவரும் கிளம்பினோம்.

சின்னமனூரில் கார் படுத்துவிட்டது. பாண்டி பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு ஒரு பேக்கரிக்குப் போய் எங்களுக்கு டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்துவிட்டு, "பஸ்ஸுல போயிருங்கம்மா" என்றார். கார் பழுதென்றால் எங்கள் ஊரில் மன்னிப்புக் கேட்பார்கள், பஜ்ஜி தரமாட்டார்கள்.

கம்பத்தில் சுருளிப்பட்டி பஸ்ஸுக்காக நின்றபோது பக்கத்தில் இரண்டு பேர் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நஸ்ரினின் தோள் குலுங்குவதைப் பார்த்து என்ன என்று கேட்டேன். மெதுவாக மொழிபெயர்த்தாள். "தேனி ஆஸ்பத்திரியில இரும்பு மனுசன் ஒருத்தன் வந்திருக்கானாம். ராத்திரியெல்லாம் வார்டுல நடக்குறானாம். அவனுக்குத் திராட்சைதான் சாப்பாடாம்."

அது பெண்களுக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்து. அதனால் பஸ் முழுக்கப் பெண்கள். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், அருவியில் குளிக்க எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தவர்கள், காய்கறி மூட்டைகள். நான் எந்த நாட்டுக்காரி என்று பார்க்காமல் நடத்துநர் எனக்கும் இலவசச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். ஒரு வளைவில் பஸ் ஒடித்துத் திரும்பியது. துணிப்பை கவிழ்ந்து இடுப்பு வெளியே வந்தது. அது வழவழப்பான இளஞ்சிவப்பு ரப்பர். நடைபாதையில் வழுக்கிக்கொண்டே போய் நடத்துநரின் காலில் முட்டி நின்றது. மூத்திரப்பை மட்டும் தனியாகக் கழன்று ஒரு வெங்காய மூட்டைக்கு அடியில் போய்விட்டது.

நடத்துநர் அதைத் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பினார். "இது யாரு சாமான்?"

"என்னுடையது" என்றேன்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வெங்காய மூட்டைக்காரி மூத்திரப்பையை எடுத்து முந்தானையில் துடைத்துக் கொடுத்து, "இது என்னாது, பலூனா?" என்றார். மூத்திரப்பை என்றேன். அது எங்கே இருக்கும் என்று கேட்டார். பொருத்திக் காட்டினேன். பக்கத்து இருக்கைக்காரி எழுந்து வந்தார். பின்னாலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். நஸ்ரின் முழங்காலில் இடுப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விளக்கத் தொடங்கினாள். நடத்துநருக்குக் காது சிவந்துவிட்டது. அவர் முன்னால் போய் ஓட்டுநரிடம், "அண்ணே, பாட்டக் கூட்டி வையி" என்றார். பெண்கள் சங்கடப்படக் கூடாதென்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

அப்போது ஜன்னலோரம் இருந்த ஒரு பெண், யாரையும் பார்க்காமல், "இது கீழ எறங்கிருச்சுன்னா மேல ஏத்த முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும்க்கா" என்றாள் நஸ்ரின்.

பிறகு இன்னொருத்தி, "எனக்கு ரெண்டாவது புள்ளைலருந்தே இருக்கு" என்றாள். "எங்க மதினிக்கு இருக்கு, சொல்லவே மாட்டா." "நான் துணிய வச்சு அடைச்சுக்கிட்டுத்தான் வேலைக்கே போறேன்." ஆளாளுக்குப் பேசினார்கள். வெங்காய மூட்டைக்காரி எழுந்து நின்று முன்பக்கம் பார்த்துக் கத்தினார். "ஏய்யா, பாட்டக் கொறைங்கய்யா! டாக்டரு புள்ள சொல்றது காதுல விழுகல!"

பாட்டு நின்றது. நஸ்ரின் பேசினாள். அன்று காலைவரை என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத பெண், ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, கேள்விக்குக் கேள்வி பதில் சொன்னாள். சுருளிப்பட்டி வந்தும் பஸ் கிளம்பவில்லை. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

திராட்சைப் பந்தலுக்குக் கீழே நடப்பது குள்ளமானவர்களுக்கு எளிது. நான் கொஞ்சம் உயரம். குலைக்குக் குலை தலையை முட்டிக்கொண்டு, கூந்தலெல்லாம் இலையோடு மொக்கராசுவின் முன் போய் நின்றேன். அவர் முதுகில் மருந்தடிக்கும் டேங்கோடு இருந்தார். தவமணி கொஞ்சம் தள்ளி, பந்தலைத் தாங்கும் ஒரு கல்லைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"நீங்க வெளிநாட்டுல இருந்து வந்துருக்கீக, சந்தோசம்" என்றார் மொக்கராசு. "ஆனா நீங்க இந்தப் புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கத்தான் வந்தீகளாம், நர்சம்மா சொன்னாக. பழகுறதுக்கு எம்பொண்டாட்டி வயிறுதான் கெடச்சுச்சா?"

எத்தனையோ நாடுகளில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்விதான் இது. நேருக்கு நேராக என்னிடம் கேட்டவர் இவர்தான். இதை மழுப்பினால் வந்த வழியே திரும்பிவிடலாம் என்று தோன்றியது.

"பொய் சொல்லமாட்டேன்" என்றேன். "பாதித் தையலுக்கு மேல டாக்டர் நஸ்ரின்தான் போடுவாங்க. இதுக்கு முன்னால ஆளுக்குப் போட்டதில்ல. ரெண்டு நாற்காலி இருக்கும். ஒண்ணுல அவங்க, ஒண்ணுல நான். ஒவ்வொரு குத்தும் என் கண்ணுக்குத் தெரியும். சரியில்லன்னா காலால ஒரு மிதி. மொத்த மிஷினும் என் கைக்கு வந்துரும்."

அவர் யோசித்தார். "டிரைவிங் ஸ்கூல் காரு மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"அந்தக் காரு எங்க வேலிக்குள்ள எத்தன தடவ பாஞ்சிருக்கு தெரியுமா?"

நஸ்ரின் நின்ற இடத்திலேயே கரைந்துவிடுவாள் போல இருந்தாள். "நான் வேணாம் மேடம், நீங்களே பண்ணிருங்க" என்றாள். மொக்கராசுவும், "ஆமா, நீங்களே பண்ணுறதா இருந்தா கூட்டிட்டு வாரேன்" என்றார். எனக்கும் அதுதான் சுலபம். சரியென்று வாயெடுத்தேன்.

"யாரக் கேட்டு முடிவு பண்றீக?" என்றார் தவமணி.

கல்லை விட்டுவிட்டு எங்களிடம் நடந்து வந்தார். காலை அகட்டி அகட்டி, மெதுவாக. "வயிறு என்னோடது. இந்தம்மா வார வாரம் பிளைனேறி வருவாகளா? நாளைக்குத் தச்சது அந்துபோச்சுன்னா நான் மலேசியாவுக்கா போவேன்? இந்தப் புள்ள உத்தமபாளையத்துல இருக்கு. பஸ்ஸேறிப் போயி கதவத் தட்டிப்புடுவேன். இதுவே தைக்கட்டும். நீங்க பக்கத்துல ஒக்காந்து பாருங்க." பிறகு நஸ்ரின் பக்கம் திரும்பினார். "என்னத்தா, தைப்பியா மாட்டியா?"

நஸ்ரின் தலையாட்டினாள். "வாயத் தெறந்து சொல்லு" என்றார் தவமணி. "தைப்பேன்க்கா" என்றாள்.

மொக்கராசு டேங்கை இறக்கிவைத்தார்.

தவமணியையும் மொக்கராசுவையும் கூட்டிக்கொண்டு திரும்பும்போது உத்தமபாளையத்தில் நஸ்ரின் வீட்டில் இறங்கினோம். அவள் அம்மா வாசலிலேயே என்னைப் பார்த்து, "காலையில பசியாறுனீகளா?" என்று கேட்டார். காலை உணவுக்கு எங்கள் பினாங்கிலும் இதே வார்த்தைதான். தேனியில் யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. அது எங்கள் ஊர்ச் சொல் என்றேன். "இல்லையே, எங்க ஊருச் சொல்லாச்சே" என்றார் அவர். மட்டன் குழம்பின் முன்னால் இந்த வழக்கு நிற்கவில்லை. அறுவைக்கு முந்தைய நாள் என்பதால் தவமணிக்கு மட்டும் ரசம் விட்ட குழைந்த சோறு. பக்கத்திலேயே உட்கார்ந்து மொக்கராசு மூன்றாவது முறையாகக் கறி வாங்கிக்கொண்டார். "கோவப்பட்டு ஊரெல்லாம் அலைஞ்ச ஆளுக்கு நல்லா எறங்குது" என்றார் தவமணி.

வியாழக்கிழமை நஸ்ரின் ஒரு நாற்காலியிலும் நான் ஒரு நாற்காலியிலும் முகத்தைத் திரைக்குள் புதைத்துக்கொண்டோம். டேவிட் நோயாளியின் பக்கம் நின்றார். முகக்கவசத்தையும் மீறி ஏலக்காய் மணத்தது. முதல் தையல் போட நஸ்ரின் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் இரண்டு அறுவை முடித்திருப்பேன். ஆனால் தையல் அச்சடித்தது போல விழுந்தது. இடையில் விளக்குகள் ஒருமுறை கண்ணைச் சிமிட்டின. ரோபோ தன் மின்கலத்தில் அசையாமல் நின்றது. மயக்க மருத்துவர், "லோயர் கேம்ப்பு பவர் ஹவுஸுல கரண்டு எடுத்து ஊருக்கெல்லாம் குடுப்பாக, நமக்கு மட்டும் குடுக்கமாட்டாக" என்றார்.

பிறகு எலும்புப் பக்கம் வந்தோம். அங்கே மெல்லிய இரத்தக் குழாய்கள் படர்ந்திருக்கும். ஊசி பட்ட இடத்தில் சிவப்பு ஊறத் தொடங்கியது. திரையில் குளம் போலப் பெருகுவதைப் பார்த்தேன். என் கால் மிதிகட்டைக்கு மேலே போய்விட்டது. "நான் எடுத்துக்கவா?" என்றேன்.

"வேணாம் மேடம். கொஞ்சம் பொறுங்க."

பஞ்சுத்துணியை வைத்து அழுத்தினாள். எனக்குத் தெரிந்த நஸ்ரின், அசையாமல் இருப்பதில் கெட்டிக்காரி. அன்று அந்த அசையாமைதான் தேவைப்பட்டது. டேவிட் தன் வேகத்தையெல்லாம் அடக்கிக்கொண்டு மூச்சு விடாமல் உறிஞ்சுகுழாயைப் பிடித்திருந்தார். துணியை எடுத்தாள். காய்ந்திருந்தது. ஊசியைக் கொஞ்சம் தள்ளிக் குத்தி, முடிச்சுப் போட்டாள். நான் காலை எடுத்து நாற்காலிக்குக் கீழே மடக்கி வைத்துக்கொண்டேன். கடைசிவரை அங்கேயே இருந்தது.

வெளியே மொக்கராசு எழுந்து நின்றார். நன்றாக முடிந்தது என்றோம். அவர் நஸ்ரினைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் பயந்துபோய் பதிலுக்குக் கும்பிட்டாள். இருவரும் நிறுத்தவில்லை. டேவிட்தான் நடுவில் போய் நின்று பிரித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வெளிநோயாளர் பிரிவில் பஸ்ஸில் பார்த்த முகங்கள் சில உட்கார்ந்திருந்தன. எல்லோரும் நஸ்ரினைத்தான் கேட்டார்கள். என்னைப் பார்த்து, "கூட வந்த அம்மா" என்றார்கள்.

சனிக்கிழமை நான் ஊர் திரும்பவேண்டும். அன்று காலைதான் தவமணியின் மூத்திரக் குழாயை எடுத்தோம். எங்கள் அறுவையில் தையல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது கணக்கில்லை. குழாயை எடுத்தபின் நோயாளி தானாகச் சிறுநீர் கழிக்கவேண்டும். அதுவரை யாருக்கும் நிம்மதி கிடையாது. இல்லையென்றால் மறுபடி குழாய், அப்படியே வீட்டுக்கு. தவமணிக்குத் தண்ணீர், மோர், இளநீர் என்று வரிசையாகக் கொடுத்தார்கள். தாழ்வாரத்து பெஞ்சில் நஸ்ரின், டேவிட், நான். எங்களோடு மேலாளரும் வந்து உட்கார்ந்துகொண்டார். கீழே பாண்டி ஹார்ன் அடித்தார். பிறகு மேலேயே வந்தார். "ரயில்வே கேட்டு போட்டாகன்னா அம்புட்டுத்தாம்மா, பிளைன் போயிரும்" என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். எதற்கென்று கேட்டார். சொன்னேன். அவரும் உட்கார்ந்துவிட்டார்.

திடீரென்று வார்டுக்குள்ளிருந்து மொக்கராசு வேட்டி அவிழ ஓடிவந்தார். கண்ணெல்லாம் நீர்.

"போயிட்டா!" என்று கத்தினார். "டாக்டரம்மா, போயிட்டா! எந்தவமணி போயிட்டா!"

நஸ்ரினின் முகம் வெளிறிவிட்டது. டேவிட் எழுந்த வேகத்தில் பெஞ்சு மறுபக்கம் சாய்ந்து மேலாளரும் பாண்டியும் தரையில் விழுந்தார்கள். பக்கத்து வார்டுப் பெண் ஒருத்தி மாரில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கிவிட்டாள். நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "எங்கே? என்னாச்சு?"

"பாத்ரூமுலதான்!" என்றார் அவர், சிரிப்பும் அழுகையுமாக. "நல்லா, நெறையப் போயிட்டா!"

நஸ்ரின் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து, தெம்பான குரல் ஒன்று தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

"கூறுகெட்ட மனுசா! கதவச் சாத்திட்டுப் போயிக் கத்து!"